பயத்துக்குக் காரணம் கேட்டவர்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். ஒரு தம்பி திரையில் தராசுப் படம் போட்டு, ஒரு தட்டில் மூளையையும் இன்னொரு தட்டில் இதயத்தையும் வைத்துக் காட்டினார். முடிவெடுக்கும்போது மூளைப் பக்கம் சாய வேண்டும் என்பது பாடம். எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். அதற்குள் டீ வந்துவிட்டது, பிஸ்கட் வந்துவிட்டது, நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். நீங்கள் ஹெச்.ஆர். என்று சொல்கிற நாற்காலியில், அதைப் பர்சனல் டிபார்ட்மெண்ட் என்று சொன்ன காலத்திலிருந்து தலை நரைக்கிற வரை உட்கார்ந்திருந்தவள் நான். அதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

நான் வேலை பார்த்தது அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு பிரஸ் ஷாப்பில். தகட்டை வெட்டி, வளைத்து, கார் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்னப் பாகங்களாக அனுப்புகிற இடம். எனக்கு அங்கே வேலை கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர். பெயர் வேண்டாம். பெயரைப் போட என்ன காரணம் என்று கேட்கிற ஆள் அவர்.

எதற்கும் காரணம் கேட்பார். "எனக்கு என்னமோ சரியாப் படல சார்" என்று போய் நின்றால், "படறது இருக்கட்டும்மா, தெரியறதைச் சொல்லுங்க" என்பார். குரலை உயர்த்த மாட்டார். ஒரு தடவை போர்மேன் ஒருவர், ஒரு பையன் தன்னை முறைத்தான் என்று சொல்லி அவனை வேலையை விட்டு அனுப்பச் சொன்னார். மேனேஜர், "முறைச்சான், சரி. வேலையில என்ன தப்புப் பண்ணான்?" என்றார். பையன் தப்பித்தான். எங்கள் ஷாப்பில் சொந்த ஊர்க்காரன், சொந்த சாதிக்காரன் என்று யாரும் யாரையும் தூக்கிவிடவும் முடியவில்லை, அமுக்கவும் முடியவில்லை. எல்லாம் அவருடைய அந்த ஒரு கேள்வியால். நான் அவரைப் பார்த்துப் பார்த்தே வேலை கற்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடுத்து வருவதைப் படித்துவிட்டு நீங்கள் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது.

அப்போது எங்களிடம் சில பழைய பிரஸ்கள் இருந்தன. ஆபரேட்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, தகட்டைக் கையால் உள்ளே வைத்து, கையை எடுத்துவிட்டுக் காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலேயிருந்து கனமான இரும்பு இறங்கி வெட்டிவிட்டு மேலே போகும். ஒரு மிதிக்கு ஒரு அடி. இப்போது இருக்கிற மாதிரி இரண்டு கைக்கும் பட்டன், கை உள்ளே போனால் தானாக நிற்கிற ஏற்பாடு, எதுவும் அவற்றில் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை அவற்றில் ஒரு பிரஸ், மிதிக்காமலே இரண்டாவது அடி அடித்தது. ஏழுமலை என்கிற ஆபரேட்டர் வெட்டிய தகட்டை எடுக்கக் கையை விட்டிருந்தார். இரண்டு விரல் போய்விட்டது. பக்கத்து பிரஸ்ஸில் இருந்த சலீம்தான் ஓடிவந்து சுவிட்சை அணைத்தவன். தன் சட்டையைக் கழற்றி ஏழுமலையின் கையில் சுற்றி, ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு போனான். சலீமுக்குப் பூந்தமல்லி. எங்கள் ஷாப்பிலேயே கைத்திறமையில் முதல் ஆள். வாயும் அதிகம். ஆயுத பூஜைக்குப் பொரிப் பொட்டலம் கட்ட முதலில் உட்காருகிறவன் அவன்தான், கட்டும்போதே பாதிக் கடலையைத் தின்றுவிடுகிறவனும் அவன்தான்.

மறுநாளே காரணம் தெரிந்துவிட்டது. உள்ளே ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது. மேனேஜர் பக்கத்திலேயே நின்று புது ஸ்பிரிங் போட வைத்தார், தேய்ந்துபோன மற்ற பாகங்களையும் மாற்றினார், வேண்டாத தகட்டை வைத்து நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ரத்தம் பட்ட மெஷினை உடனே ஓட்ட மாட்டார்கள். துணி போட்டு மூடி வைத்து, அமாவாசையோ வெள்ளிக்கிழமையோ வந்ததும் பூசணிக்காயைச் சுற்றி உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, அதற்குப் பிறகுதான் ஆள் உட்காருவார்கள். தொழிலாளிகள் சார்பில் நாலு பேர் வந்தார்கள். வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் ஒன்றாக வருகிறது, அதுவரை மெஷின் நிற்கட்டும் என்றார்கள். மேனேஜர் பொறுமையாகத்தான் பேசினார். கார் கம்பெனிக்குப் போக வேண்டிய பாகம் அந்த ஒரு பிரஸ்ஸில்தான் ஆகும். வெள்ளிவரை நின்றால் கார் கம்பெனியில் லைன் நின்றுவிடும், ஆர்டர் கைமாறிப் போகும், போனால் திரும்பாது. அவர் சொன்னதில் ஒரு பொய் இல்லை.

பிறகு அவர் செய்த காரியத்தை இன்றைக்கும் என் கண்ணால் பார்க்கிறேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஏழுமலையின் ஸ்டூலில் தானே உட்கார்ந்தார். ஷாப்பே சுற்றி நின்றது. தகட்டை வைத்தார், மிதித்தார், எடுத்தார். திரும்பத் திரும்ப. எழுந்து, "மெஷின்ல ஏதாவது குறை இருக்குன்னு யாருக்காவது தோணுதா? சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மெஷினில் குறை இருந்தால்தானே சொல்வார்கள்?

அடுத்து அவர் ஆளைத் தேர்ந்தெடுத்ததும் அவர் கணக்கில் சரிதான். "சலீம், நீ உட்காரு. உனக்கு அமாவாசையும் கிடையாது, பூசணிக்காயும் கிடையாது" என்றார். யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்தாமல் வேலையைத் தொடங்க வழி கண்டுபிடித்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும்கூட அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

புதன்கிழமை மத்தியானம் கேண்டீனில் கைகழுவுகிற இடத்தில் சலீம் என்னைப் பிடித்துக்கொண்டான். காலையிலிருந்து அந்த பிரஸ்ஸில்தான் இருந்தான்.

"மேடம், சாராண்ட சொல்லுங்க. மெஷினு நல்லாத்தான் கீது, எனுக்கும் தெரியுது. ஆனா அந்தச் சத்தம் காதுலயே கீது மேடம். பெடல்ல காலு வெச்சா ஒடம்பு தூக்கி வாரிப்போடுது. வெள்ளிக்கெழமை வரிக்கும் வேற வேலை குடுக்கச் சொல்லுங்க."

"ஏம்பா, பூசணிக்காய் உடைச்சா உனக்குச் சரியாயிடுமா?" என்று கேட்டேன். பாதி கிண்டல்தான்.

"எனுக்கு இன்னா மேடம் பூசணிக்கா. எல்லாரும் ஒண்ணா நின்னு ஒடைப்பாங்கல்ல, நானும் நிப்பேன். அவ்ளோதான், முடிஞ்சிபோச்சுன்னு மனசுக்குத் தெரிஞ்சிரும்."

கிண்டலை விட்டுவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவன் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

"மெஷின் சரியா இல்லங்கறானா?"

"இல்ல சார். சரியா இருக்குன்னுதான் சொல்றான்."

"அப்புறம் என்ன காரணம்?"

"பயமா இருக்குங்கறான் சார்."

"அது காரணம் இல்லம்மா, பயம். ரெண்டு நாள் ஓட்டினா தானாப் போயிடும். இப்போ இறக்கிவிட்டா மத்தவங்க யாரும் ஏற மாட்டாங்க."

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாஷையில் அதற்குப் பதிலே கிடையாது. இப்போது யாராவது கேட்டால் சொல்வேன். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் பயம் இருப்பது உண்மை. ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்று சொன்னால் உடனே மெஷினை நிறுத்துகிறோம். ஆள் உடைந்திருக்கிறான் என்று அவனே வந்து சொல்கிறான், அதை ஒரு தகவலாகக்கூட எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றால் எப்படி? இந்த வாக்கியங்கள் எனக்குக் கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு அந்த அறையில் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வியாழக்கிழமை, சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. சலீமுக்குப் பின்பக்கம் கழிவுத் தகடு நிறைந்த தொட்டியை யாரோ தரையில் கவிழ்த்தார்கள். தினமும் நடப்பதுதான், தினமும் கேட்கிற சத்தம்தான். சலீம் துள்ளிவிட்டான். துள்ளிய கால் பெடலில் விழுந்தது. கை உள்ளே இருந்தது. வலது கையில் மூன்று விரல்கள்.

பிரஸ் சரியாகத்தான் வேலை செய்தது. ஒரு மிதிக்கு ஒரு அடி.

விசாரிக்க வந்த அதிகாரிகளும் அதையேதான் சொன்னார்கள். மெஷினில் பழுதில்லை, ஆபரேட்டர் கவனக்குறைவு. மேனேஜர் விபத்து நடந்த அன்று சாயங்காலம் முழுக்க அந்த பிரஸ் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பார், மாட்டச் சொல்வார், மறுபடி கழற்றச் சொல்வார். "மெஷின்ல தப்பு இல்லம்மா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் "ஆமா சார், ஆமா சார்" என்றேன். அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் சலீமைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன், அங்கே வராத அழுகை.

மறுநாள் அமாவாசை. மார்க்கெட்டுக்குப் போய்ப் பூசணிக்காயை அவரே வாங்கிவந்தார். எல்லோரும் நின்றோம், உடைத்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது என்று நினைக்காதவர்கள் அன்று அங்கே யாரும் இல்லை.

நீங்கள் படித்தவர்கள், அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பூசணிக்காய் உடைத்திருந்தால் விபத்து நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. மெஷினுக்குப் பூசணிக்காய் தெரியாது. அந்த வழக்கம் ஆளுக்காக ஏற்பட்டது. பயந்தவனுக்கு இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட ஒரு மரியாதையான வழி அது. நான் பயந்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லாமலே தள்ளி நிற்கலாம். மேனேஜர் அதில் மூடநம்பிக்கையை மட்டும் பார்த்தார். அந்த நம்பிக்கையே இல்லாத ஒருவனுக்குப் பயமும் இருக்காது என்று எடுத்துக்கொண்டார். அவ்வளவு யோசிக்கிற மனிதர் சறுக்கியது அந்த இடத்தில்தான்.

இதோடு முடிந்திருந்தால் தராசுத் தம்பியிடம், மூளைப் பக்கம் ரொம்பச் சாயாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதோடு முடியவில்லை.

சில மாதம் கழித்து சலீம் வேலைக்குத் திரும்பினான். மேனேஜர் ஆளே மாறியிருந்தார். பழைய பிரஸ்களுக்கெல்லாம் இரண்டு கை பட்டன் போட்டாயிற்று. அது நல்லது. ஆனால் அவர் வாயில் காரணம் என்கிற சொல்லே வருவதில்லை. யார் வந்து எதைக் கேட்டாலும் சரி என்று விடுவார். சலீமை ஷாப் பக்கமே விடவில்லை. தன் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி, மேஜை, தலைக்கு மேல் ஃபேன். வருகிறவர்களை உட்காரச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. சம்பளத்தில் குறைவில்லை. மேனேஜருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே பேசியது. நானும் வீட்டில் போய் அப்படித்தான் சொன்னேன்.

சலீம் ஒரு மாதம் போல உட்கார்ந்தான். கூட வேலை செய்தவர்கள், "இன்னா மாமே, ஆபீசராயிட்ட" என்று போகும்போதும் வரும்போதும் சீண்டினார்கள். ஆரம்பத்தில் சிரித்தான். பிறகு அவர்கள் வருகிற நேரம் பார்த்து எழுந்து வெளியே போய்விடுவான். அவ்வளவு பேசுகிறவனுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. ஒரு நாள் என்னிடம் வந்தான்.

"மேடம், டை மாட்டுற வேலை குடுக்கச் சொல்லுங்க. எடது கை முழுசா கீது, இதுல ரெண்டு வெரல் கீது. புதுப் பசங்களுக்குச் சொல்லியும் குடுப்பேன். சும்மா குந்திகினு இருக்க முடியல மேடம்."

டை என்பது தகட்டை வெட்டுகிற அச்சு. அதைப் பிரஸ்ஸில் பொருத்துவது கண்ணும் அனுபவமும் கேட்கிற வேலை. அவனால் செய்ய முடியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் செய்யவிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். நான் சொன்ன காரணம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"வேண்டாம்மா. அவனை மறுபடி பிரஸ் பக்கத்துல என்னால பார்க்க முடியாது."

"அவன் முடியும்ங்கறான் சார்."

"என்னால முடியாதும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு எப்படி வாதாடுவது? எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சலீம் அவரிடம் நேராகவே போனான். நான் அறையில் ஏதோ கையெழுத்துக்காக நின்றிருந்தேன். அவன் உட்காரவில்லை.

"சார், நான் வேலையவுட்டு நின்னுக்கறேன். ஆவடியாண்ட ஒரு ஷாப்பு, டை மாட்டக் கூப்புடறாங்கோ."

மேனேஜர் பதறிப்போனார். "எதுக்குப்பா? இங்க உனக்கு என்ன குறை? சம்பளம் போதலையா? கடைசி வரைக்கும் நான் பார்த்துக்கறேன்."

"கொறையெல்லாம் ஒண்ணுமில்ல சார். நீங்க நல்லவருதான், இல்லன்னு சொல்லல. அன்னிக்குப் பயமா கீதுன்னேன், நீங்க கேக்கல. இப்போ பயம் இல்லன்றேன், அதையும் கேக்க மாட்டேன்றீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு விரல் இருந்த கையையும் சேர்த்து வைத்துத்தான் கும்பிட்டான். மேனேஜர் அதற்கப்புறம் அன்று யாரையும் பார்க்கவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, இதில் எது மூளை, எது இதயம்? முதல் தடவை அவர் அறிவால் முடிவெடுத்தார். சலீமைக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை மனசால் முடிவெடுத்தார். அப்போதும் சலீமைக் கேட்கவில்லை. முதலில் அவர் பார்த்தது மெஷினை, பிறகு பார்த்தது தன் வேதனையை. நடுவில் இருந்த மனிதன் இரண்டு தடவையும் விட்டுப்போனான். உங்கள் முன்னால் ஒருவர் வந்து எனக்குப் பயமாக இருக்கிறது என்றால், காரணம் கேட்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கேளுங்கள். காரணம் இல்லை என்றால் அதோடு கதவைச் சாத்திவிடாதீர்கள். அதே போல, ஒருவர் மேல் இரக்கம் பொங்கி வந்தால், அது அவருக்கு வேண்டுமா அல்லது உங்கள் தூக்கத்துக்காகவா என்று ஒரு நிமிஷம் பாருங்கள். இதைச் சொல்வது சுலபம். எனக்குக் கற்றுக்கொடுத்தவருக்கே முடியாமல் போனதைப் பார்த்தவள் நான்.

ரிட்டயர் ஆன பிறகு அவர் காட்டுப்பாக்கத்தில் மகளுடைய பிளாட்டில் இருந்தார். எனக்கு ஐயப்பன்தாங்கல், கூப்பிடு தூரம்தான், அடிக்கடி போய்ப் பார்ப்பேன். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் சலீமிடம்தான் வந்து நிற்பார். சலீம் எப்படி இருக்கான், வேலை செட்டாச்சா, அங்கே மரியாதையாக நடத்துகிறார்களா. நன்றாக இருக்கிறான், புதிதாக வருகிறவர்களுக்கு அவன்தான் பழக்கிக்கொடுக்கிறான் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. "என்னை ஏன் சார் கேக்கறீங்க, அவனையே கேளுங்க" என்று சொல்லி, என் போனில் சலீமின் நம்பரை அழுத்தி அவர் கையில் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "ஹலோ மேடம், சொல்லுங்க மேடம்" என்று சலீமின் குரல் எனக்கே கேட்டது. பின்னால் பிரஸ் ஓடுகிற சத்தமும் கேட்டது. அவர் உதடு அசைந்தது, பேச்சு வரவில்லை. அந்தப் பக்கமும் பிறகு பேச்சில்லை. ரொம்ப நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு போனை என்னிடம் நீட்டி, "வேலை நேரம்மா. டை மாட்டறப்ப கவனம் சிதறக்கூடாது. இன்னொரு நாள் பேசிக்கறேன்" என்றார். நான் சங்கடப்பட்டுக்கொண்டு கட் செய்துவிட்டேன். சலீமுக்குத் திரும்பக் கூப்பிட்டு விளக்கவும் இல்லை.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. அந்த வருஷ மழைக்காலத்தில் அவர் தவறிப்போனார். சொல்லி அனுப்பியதும் சலீம் ஆவடியிலிருந்து நேரே வந்துவிட்டான், வேலை உடுப்போடு. மாலை போட்டான், கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வாசலில் சாமியானாவுக்குக் கீழே என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

"மேடம், அன்னிக்கு ஒரு தபா உங்க போன்ல இருந்து பேசாமலே இருந்தது சார்தானே?"

ஆமாம் என்றேன்.

"தெரியும் மேடம்" என்றான். "அதான் நானும் போனை வெக்காம காத்துக்கினு இருந்தேன்."